கலைக்கூடத்தில் வழிகாட்டி வேண்டுமா?

மார்கழி பிறந்ததிலிருந்து மாசி முடியும்வரை காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களின் அகன்ற தெருக்களில் வெளியூர் வண்டிகள் வந்து நின்றவண்ணம் இருக்கும். ஆத்தங்குடிப் பெரிய வீட்டையும் கானாடுகாத்தானில் வரிசை வரிசையாக நிற்கும் மாளிகைகளையும் கண்ணாரக் காண வருகிறவர்கள், தங்கும் விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “வழிகாட்டி ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ளத்தான் வேண்டுமா, நாமே சுற்றிப் பார்த்துக்கொண்டால் போதாதா?” இங்கிருந்து சென்னைக்குப் போய் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்க்க விரும்புகிறவர்களும், பிள்ளைகள் உத்தியோகம் பார்க்கும் தேசங்களுக்குப் போன இடத்தில் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள பெரிய கலைக்கூடங்களின் வாசலில் போய் நிற்கிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். செலவைப் பற்றிய கேள்வி போல இது தோன்றினாலும், ஒரு கலைப்பொருளுக்கும் அதன் முன்னால் நிற்கும் மனிதனுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவருக்கு இடம் உண்டா என்பதே இதன் உட்கிடை. ஆதலால் சற்று நிதானமாகவே இதற்கு விடை தேட வேண்டும்.

வேண்டாம் என்பவர்களின் கட்சி இலேசானதன்று. அழகு தன்னைத் தானே காட்டிக்கொள்ளும், அதற்குத் தரகர் எதற்கு என்கிறார்கள் அவர்கள். அந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்ல வல்லவர்களில் பெரியவர் பிரெஞ்சு தேசத்துச் சிற்பி ரோடின். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருவாலங்காட்டு நடராஜப் பிரதிமையை அவர் நேரில் கண்டவர் அல்லர்; புகைப்படங்களை மாத்திரமே பார்த்துவிட்டு, 1913ஆம் ஆண்டில், அத்திருமேனியின் அங்கம் ஒவ்வொன்றிலும் ஓடும் உயிர்த்துடிப்பை வியந்து ஒரு கட்டுரை எழுதினார்; அது அவர் காலமான பிறகு 1921இல் அச்சேறியது. சைவ ஆகமம் எதையும் கற்றறியாத ஓர் அந்நியர், பாரிஸ் நகரில் இருந்துகொண்டு, காகிதத்தில் பதிந்த நிழலைக் கொண்டே நம் ஸ்தபதியின் உள்ளத்தை இவ்வளவு தூரம் எட்ட முடிந்ததென்றால், அப்பிரதிமையின் முன்னாலேயே நிற்கும் பாக்கியம் பெற்ற நமக்கு இன்னொருவர் வாய்மொழி எதற்கு?

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ரோடின் தம் ஆயுள் முழுவதும் களிமண்ணைப் பிசைந்தும் வெண்கலத்தை வார்த்தும் வாழ்ந்தவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு தோள் எவ்விடத்தில் தாழ்ந்தால் உடல் முழுவதும் ஆடத் தொடங்கும் என்பதை ஆயிரம் முறை தம் விரல்களால் பரிசோதித்து அறிந்த கண்ணுக்குப் புகைப்படமும் போதும். அலுவலகத்திலும் கடையிலும் அடுக்களையிலும் காலம் கழித்துவிட்டு ஒரு பிற்பகலை மிச்சம்பிடித்துக்கொண்டு வரும் சாமானியக் கண்ணுக்கு அந்தப் பயிற்சி இல்லை. இல்லாததில் அவமானமும் இல்லை. பெரிய கலைக்கூடங்களை நடத்தியவர்களே இதை வெகு காலத்துக்கு முன்பு உணர்ந்துவிட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் செயலாளராக இருந்த கில்மன் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, பார்வையாளரோடு கூட நடந்து பொருள்களை விளக்கிச் சொல்வதற்கென்று ஆட்களை நியமிக்கும் வழக்கத்தை அங்கே கொண்டுவந்தார். அவரே 1916இல், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குனிந்தும் எட்டியும் பார்ப்பதால் உடலும் மனமும் எவ்வாறு களைத்துப்போகின்றன என்பதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு அதே அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பை ஏற்றவர், கொழும்பில் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி. ஆடும் ஐயனின் உருவத்துக்குள் உறங்கிய தத்துவத்தை மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்ன அவரைக் காட்டிலும் சிறந்த வழிகாட்டியை அந்த நூற்றாண்டு கண்டதில்லை என்பது என் அபிப்பிராயம். ரோடினின் கட்டுரை வெளிவந்த அதே தொகுதியில் குமாரசுவாமியின் எழுத்தும் சேர்ந்தே வெளிவந்தது. பழகிய கண்ணும் கற்ற நாவும் அங்கே ஒன்றையொன்று விலக்கவில்லை.

வழிகாட்டி வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், சாதாரணமாகச் சொல்லப்படும் காரணம் அன்று. ஆண்டு, அளவு, விலை, வந்து பார்த்த பிரமுகர்களின் பெயர் ஆகியவற்றை ஒப்பிப்பதற்கு ஒருவர் தேவையில்லை. அவற்றைப் பலகையில் எழுதி வைத்துவிடலாம். அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருள் எதுவாயினும் அது ஏதோ ஓர் இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. வரும்போது தன் உருவத்தை மாத்திரம் கொண்டுவந்து, தன் இடத்தையும் பயனையும் விட்டுவிட்டு வந்தது. விட்டுவிட்டு வந்த அவ்விரண்டையும் மீட்டு, சிறிது நேரமாவது நம் மனக்கண் முன்னால் நிறுத்திக் காட்டுகிறவரே வழிகாட்டி. அது முடியாதவருக்குக் கொடுக்கும் காசு வீண்.

1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தையே எடுத்துக்கொள்ளலாம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அங்கே மெல்லிய விளக்கொளியில் நிற்கிறார். இடையின் ஒரு புறம் நெகிழ்ந்தும் மறுபுறம் நிமிர்ந்தும் நிற்கும் அந்த ஒயிலைக் கண்டு பரவசப்படாத மனம் இராது. அதற்கு யார் துணையும் வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய உற்சவத் திருமேனிகளின் பீடங்களில் ஏன் வளையங்களும் துளைகளும் இருக்கின்றன என்று யாரேனும் சுட்டிக்காட்டினால்தான், இவை நின்ற இடத்தில் நிற்பதற்காக வார்க்கப்பட்டவை அல்ல, தண்டுகளில் பிணைக்கப்பட்டுத் தோளில் ஏறி வீதியுலா வருவதற்காகப் பிறந்தவை என்பது நமக்கு விளங்கும். பட்டும் மாலையும் ஆபரணமும் சாத்தி, தீவட்டி வெளிச்சத்தில், நாயன ஓசைக்கு நடுவே, தூக்குவோரின் நடைக்கேற்ப அசைந்து வரும்போது அண்ணாந்து பார்த்த ஜனங்களுக்கு முகமும் கரமும் பாதமும் மாத்திரமே தெரிந்திருக்கும். இன்று நாம் இமை கொட்டாமல் பார்க்கிற அந்த இடையும் முதுகும் அலங்காரத்துக்குள் மறைந்தே இருந்திருக்கும். மறைந்து போகப்போகிற முதுகையும் இவ்வளவு சிரத்தையோடு இழைத்த ஸ்தபதியின் பக்தி எத்தகையது என்ற எண்ணம் அப்போதுதான் நெஞ்சில் தைக்கிறது. மெழுகில் உருவம் பிடித்து, மண் அப்பி, சூடேற்றி மெழுகை உருக்கி ஓடவிட்டு, அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, பின்பு மண் கருவை உடைத்து எடுக்கும் முறையினால் ஒரு வார்ப்பிலிருந்து ஒரு திருமேனியே பிறக்கும் என்பதும், படையெடுப்புக் காலங்களில் மண்ணுக்குள் மறைக்கப்பட்டு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் உழுகிறவர்களின் கொழுமுனையிலும் கிணறு தோண்டுகிறவர்களின் கடப்பாரையிலும் தட்டுப்பட்டு, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி அரசாங்கத்தின் கைக்கு வந்தவை இவற்றில் பல என்பதும் தெரிந்த பிறகு பார்க்கும் பார்வை வேறு. சிவராமமூர்த்தி போன்ற பேரறிஞர் பணியாற்றிய கூடம் அது. அங்கே ஒரு மணி நேரம் விஷயம் அறிந்த ஒருவரோடு நடப்பது, தனியே அரை நாள் சுற்றுவதைவிட மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

செட்டிநாட்டு வீடுகளின் சங்கதி இதற்கு நேர் மாறானது. இங்கே பொருள்கள் தம் இடத்தை விட்டுப் பெயரவில்லை. தூண் நின்ற இடத்தில் நிற்கிறது. நிலைக்கதவு அதே நிலையில் தொங்குகிறது. சுவரில் பதித்த கண்ணாடி அதே சுவரில் இருக்கிறது. பெயர்ந்து போனவர்கள் மனிதர்கள். எனவே இங்கே வழிகாட்டி மீட்டுத் தரவேண்டியது இடத்தை அன்று, வாழ்க்கையை. அதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு, முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய சுவர் என்று மூச்சு விடாமல் ஒரு பட்டியலைச் சொல்லி, சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லி, இன்ன திரைப்படம் இங்கேதான் எடுக்கப்பட்டது என்று முடித்து, அரை மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். சொன்னவற்றில் பொய் இல்லை. ஆனால் ஒரு வீட்டைப் பார்த்தோம் என்ற அனுபவம் வருகிறவர்களுக்குக் கிட்டுவதில்லை. ஒரு கிடங்கைப் பார்த்தோம் என்ற பிரமிப்பே எஞ்சுகிறது.

சொல்லவேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் ஏன் ஒரே அளவில், ஒரே மாதிரியான கதவுகளோடு இருக்கின்றன? மணமான மகன் ஒவ்வொருவனும் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டு, அவன் குடும்பத்துக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டது. திருமணமான சில காலத்தில் அவர்களை வேறு வைத்து, அடுப்பும் அரிசியும் தனியாக்கிவிட்டு, கூரையையும் வளவையும் மாத்திரம் பொதுவாக வைத்துக்கொண்ட குடும்ப ஏற்பாடு அது. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தும் தனித்தனியே சமைத்துச் சாப்பிட்ட அந்த விவேகத்தை, தேக்குத் தூணின் சுற்றளவைக் காட்டிலும் பெரிய அதிசயமாக நான் கருதுகிறேன். முகப்பில் நின்று பார்த்தால் கட்டுக்குப் பின் கட்டாகக் கடந்து பின்தெருக் கதவுவரை பார்வை தடையின்றி ஓடுவது ஏன்? ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த நீளத்தில், முற்றங்களின் வழியே வெளிச்சமும் காற்றும் இறங்கி, இந்த வறண்ட பூமியின் கோடையை வீட்டுக்குள் வரவொட்டாமல் தடுத்த உபாயம் அது. ஓட்டுச் சரிவுகளில் வழிந்த மழை முற்றத்தில் விழுந்து அண்டாக்களில் நிறைந்து, மிஞ்சியது தெரு ஓரத்துக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு இல்லாத சீமையில் இத்தனை ஊர்கள் தழைத்ததன் ரகசியம் அங்கே இருக்கிறது. விருந்தினரோ அண்ணாந்து விதானத்து வர்ணங்களையே பார்த்துக்கொண்டு, காலடியில் உள்ள அந்த வாய்க்காலைத் தாண்டிப் போய்விடுகிறார்.

தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்று சொல்கிறவர், அதை வாங்கிய பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த பெருந்தனக்காரர்களாக, இவ்வீடுகளைக் கட்டிய நகரத்தார் என்னும் செட்டியார்கள் விளங்கினர். 1930ஐ ஒட்டி உலகமெங்கும் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப வழியற்ற குடியானவர்களின் நிலங்கள் கைமாறின. அங்குள்ள முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938க்குள் நூற்றுக்கு 25 பங்காகப் பெருகிவிட்டது. நிலத்தை விரும்பிக் கொடுத்த கடன் அன்று. பணமாகத் திரும்புவதையே கொடுத்தவர்கள் விரும்பினார்கள். ஆனாலும் நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க முடியாது. 1942இல் ஜப்பானியப் படைகள் ரங்கூனைப் பிடித்தன. 1948இல் சுதந்திரமடைந்த பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. இங்கே மாளிகை கட்டும் காலமும் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. இந்தச் சரித்திரத்தை இரு பக்கமும் மறைக்காமல், யாரையும் இகழாமல், யாரையும் தேவையின்றிப் புகழாமல் சொல்லக்கூடிய ஒருவரோடு இந்த வளவில் நின்றால், அந்தத் தூண்கள் முன்பு தோன்றியதைவிடக் கனமாகத் தோன்றும். வெளிதேசத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லக் கூசவேண்டியதில்லை. அவர்கள் தேசத்து அரண்மனைகளும் கலைக்கூடங்களும் எவ்வாறு நிறைந்தன என்பது அவர்களுக்கும் தெரியும்.

வீட்டில் மனிதர் இல்லாமல் போனால் பொருளும் ஒருநாள் பெயரத் தொடங்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவும் தூணும் மங்குச் சாமானும் ரவிவர்மா அச்சுப் படங்களும் குவிந்து கிடக்கின்றன. பங்காளிகள் பலராகப் பிரிந்து, பராமரிக்க வசதியில்லாமல், மனம் நொந்து விற்றவை அவை. விற்றவர்களை நான் குறை கூறமாட்டேன். வாங்குகிறவர் வீட்டில் அந்தத் தூண் எந்த வளவைத் தாங்கப்போகிறது? சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்றை அதன் பழைய பாகங்களைக் கொண்டே எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். அப்படிப் பாதுகாத்தது நற்செயல்தான். இன்னும் தொலைவில், அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில், மதுரையிலிருந்து போன கல் மண்டபம் ஒன்று கூரைக்குள் நிற்கிறது. மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த அந்தத் தூண்களை, மதுரைக்கு வந்த அமெரிக்கப் பெண்மணி ஒருவர் 1912இல் விலைக்கு வாங்கினார். அவர் மறைவுக்குப் பின் 1919இல் குடும்பத்தார் அவற்றை அந்த அருங்காட்சியகத்துக்கு அளித்தார்கள். மண்டபத்தின் வழியே நடந்து மூலவரிடம் போகவேண்டிய கால்கள் அங்கே மண்டபத்தோடு நின்றுவிடுகின்றன. மதுரையில் ஒரு கோயில் மண்டபத்தைப் பார்க்க எனக்கு வழிகாட்டி தேவையில்லை. பிலடெல்பியாவில் அந்த மண்டபத்தின் முன் நிற்கும் அமெரிக்கப் பிள்ளைக்குக் கட்டாயம் தேவை. பொருள் தன் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு வழிகாட்டியின் அவசியமும் கூடுகிறது.

காலத்தின் தூரமும் அத்தகையதே. புதுக்கோட்டைக்கு அருகில் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில், பாண்டியர் காலத்துத் தாமரைக் குளம் ஒன்று இருக்கிறது. பூப்பறிப்பவரும் யானையும் மீனும் அன்னமும் அதில் உண்டு என்று படித்துவிட்டே போனாலும், மங்கிய வர்ணத்தில் முதலில் ஒன்றும் பிடிபடாது. அங்குள்ள காவலர் கையை நீட்டி ‘இதோ தும்பிக்கை, இதோ தண்டு’ என்று காட்டிய கணத்தில் குளம் முழுவதும் கண் திறந்துகொள்ளும். அவர் கலை விமரிசகர் அல்லர். நாள்தோறும் அந்த விதானத்தின் கீழே நின்று, வெளிச்சம் எந்தப் பொழுதில் எங்கே விழும் என்று அறிந்தவர். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவி ஒன்று பெரிய அருங்காட்சியகங்களில் கிடைக்கிறது. எதிர்க் கேள்விக்கு அது விடை சொல்லாது, நம் முகம் பார்த்துப் பேச்சை நிறுத்தவும் அதற்குத் தெரியாது என்பதனால் அதை இரண்டாம் பட்சமாகவே வைப்பேன்.

ஆகவே யாரை அமர்த்துவது என்பதே விஷயம். தமிழில் இத்தொழிலுக்கு ஓர் உத்தம உதாரணம் இருக்கிறது: தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே, கேட்பாரற்று வயலிலும் வரப்பிலும் கிடந்த சிற்பங்களைத் தேடிச் சேர்த்து, 1951இல் தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம் அமைவதற்குப் பெரிதும் பாடுபட்டவர் அவர். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கல்கியில் எழுதி, வாசகர்களைக் கையைப் பிடித்துக் கோயில் கோயிலாக அழைத்துப் போனவரும் அவரே. தமக்கு உண்டான ஆனந்தத்தைப் பிறரும் அடையவேண்டும் என்ற தவிப்பு அவர் எழுத்தில் தெரியும். அந்தத் தவிப்பு இருக்கிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வர்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் பரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் கல் எடுக்கிற தொழிலாளி, தரையின் பளபளப்பு மெருகினால் வந்ததன்று, கண்ணாடியிலிருந்து வந்தது என்பதைச் செய்தே காட்டுவார். பூட்டிய வீட்டுக்குக் காவலாக இருக்கும் முதியவருக்கு, முன்னோர் வழிபாடான படைப்புக்கும் மணிவிழாவுக்கும் பங்காளிகள் கூடும்போது எந்த அறையை யாருக்குத் திறக்கவேண்டும் என்பது தெரியும். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் ஆச்சி ஒருவர், ஒரு கல்யாணத்தில் இந்த வளவு எப்படி நிறைந்திருந்தது என்று சொல்லத் தொடங்கினால் அட்டவணை ஏதும் அவருக்கு வேண்டாம். இவர்களுக்குச் சிறிது பயிற்சியும் மரியாதையான ஊதியமும் கொடுத்து வழிகாட்டிகளாக்குவது, யாரோ எழுதிய பட்டியலை மனப்பாடம் செய்த இளைஞர்களை வாசலில் நிறுத்துவதைவிட நூறு மடங்கு பயன் தரும். அந்த இளைஞர்களும் இவர்களிடமே கற்றுக்கொள்ளலாம்.

வருகிறவர்களுக்குச் சொல்லவேண்டியதும் சிறிது உண்டு. ஒரே நாளில் பத்து வீடு வேண்டாம், இரண்டு போதும். வழிகாட்டியிடம் ‘எவ்வளவு செலவாயிற்று’ என்று கேட்காமல், ‘இந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள், என்ன செய்வார்கள்’ என்று கேளுங்கள். அவர் விடை சொல்லத் திணறினால் அவருடைய தகுதி உடனே தெரிந்துவிடும். சொல்லி முடித்த பிறகு அவரை அனுப்பிவிட்டு, பேசாமல் மறுபடியும் ஒருமுறை தனியே சுற்றி வாருங்கள். எழும்பூரிலும் இப்படியே, பாரிஸிலும் இப்படியே.

கடைசியாக, என் மனத்தை உறுத்தும் ஒரு விஷயம். ‘செட்டிநாடு, தமிழ் வணிகரின் ஊர்த்தொகுதிகள்’ என்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டிலேயே இவ்வூர்கள் இடம்பெற்றுவிட்டன. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்த வீடுகளை விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கிறது. தமிழில் சொல்லி, இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப்போக ஆளைத்தான் தேடவேண்டியிருக்கிறது. அன்றாடம் இந்த மதில்களை ஒட்டிப் பள்ளிக்கு நடந்து போகும் குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு வளவுக்குள் கால் வைத்திருப்பார்கள்? இதே சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டு வீட்டமைப்பிலேயே கட்டி, 2023 மார்ச் 5ஆம் தேதி திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம், பானை ஓட்டில் கீறிய எழுத்தையும் உறைகிணற்றையும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு மாதிரியாக நின்ற மூல வீடுகள் இங்கே இருக்க, அவை மாத்திரம் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மூடிக் கிடப்பானேன்? வீட்டுப் பொறுப்பாளர்களும் சுற்றுலாத் துறையும் பள்ளிகளும் கலந்து பேசி, மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையை இதற்கென்று ஒதுக்கலாம்; கட்டணம் வேண்டாம்; ஓர் ஆச்சியும் ஓர் ஆத்தங்குடித் தொழிலாளியும் உடன் வந்தால் போதும். வெளியூர் விருந்தினர் வரத்துக் குறைந்திருக்கும் ஆனி, ஆடி மாதங்களே இதைத் தொடங்குவதற்கு உகந்தவை.